தண்ணீர் சரியாக வரும்வரை மாதிரியைத் தொடாதீர்கள்: பரப்பு இழுவிசை அளக்க ஒரு வழிகாட்டி

ஒரு வேதிப்பொருளை நீரில் கரைத்துப் பரப்பு இழுவிசையை அளந்து தரச் சொன்னார்கள். திரவத்தின் மேற்பரப்பை இழுத்துக் கட்டிய படலம்போல் வைத்திருக்கும் விசை அது; சோப்பு போன்றவை நீரில் அதைக் குறைக்கும். அரை நாள் வேலை என்று நினைத்தேன். பிளாட்டினம் வளையத்தைக் கரைசலில் முக்க வேண்டும், மேலே இழுக்க வேண்டும், எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே? மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் நான் அளந்தது அந்தப் பொருளையே அல்ல, கழுவும் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டியிருந்த பழைய சோப்பை. முடிவு 58 என்று வந்தது. பொருள் அபாரமாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகு, பேச்சுக்கு வெறும் தண்ணீரை அளந்து பார்த்தேன். அதுவும் 61. சுத்தமான தண்ணீர் 72.8 அளவில் காட்டியிருக்க வேண்டும்.

நீங்கள் அந்த இரண்டு வாரத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கோட்பாட்டுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. இங்கே இருப்பது மேசையருகே நிற்கும்போது தேவைப்படுவது மட்டும்.

1. எதற்காக அளக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

இரண்டு வகை வேலை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு.

ஒன்று, பொருளைப் பதிவு செய்வதற்காகவோ அதன் பண்புப் பட்டியலை நிரப்புவதற்காகவோ ஒரே ஓர் எண் தேவைப்படுவது. இதற்குப் பெரும்பாலும் ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட 115 என்ற சோதனை வழிகாட்டியைத்தான் கேட்பார்கள். அதில் செறிவு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது: நீரில் கரையும் உச்ச அளவில் 90 சதவீதம். ஆனால் அது லிட்டருக்கு 1 கிராமைத் தாண்டினால், 1 கிராமோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். முடிவு மீட்டருக்கு 60 மில்லிநியூட்டனுக்குக் கீழே வந்தால், அந்தப் பொருள் பரப்பில் செயல்படும் பொருளாகக் கருதப்படும். மேலே சொன்ன 58, 61, 72.8 ஆகியவற்றுக்கும், இனி அலகு சொல்லாமல் வரும் பரப்பு இழுவிசை எண்களுக்கும் இதே அலகுதான்.

இன்னொன்று, சோப்பு வகைப் பொருள்களுக்குச் செறிவை ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் பரப்பு இழுவிசை குறைவது நிற்கிறது, அதாவது மிசெல் (சோப்பு மூலக்கூறுகள் நீருக்குள் சேர்ந்து உருவாக்கும் சிறு திரள்) உருவாகத் தொடங்கும் செறிவு எது என்று கண்டுபிடிப்பது. இதற்குப் பத்துப் பதினைந்து கரைசல்கள் வேண்டும். நேரமும் அதற்கேற்றபடி கூடும்.

எது வேண்டும் என்று கேட்காமல் தொடங்கிவிட்டு, கடைசியில் "இந்தச் செறிவில் இல்லையே" என்று சொல்லக் கேட்பது மிகவும் கடுப்பான விஷயம்.

2. காகிதங்களைச் சேருங்கள்

மாதிரிக் குப்பி கைக்கு வருவதற்கு முன்பே இவை வந்துவிட வேண்டும்:

- பாதுகாப்புத் தரவுத் தாள். கையுறை போதுமா, காற்று உறிஞ்சும் அலமாரி வேண்டுமா என்பது இதைப் பார்த்துத்தான் தெரியும்.
- பகுப்பாய்வுச் சான்றிதழ். தூய்மை எத்தனை சதவீதம், தொகுதி எண் என்ன, காலாவதி எப்போது.
- நீரில் கரைதிறன். இது இல்லாமல் எந்தச் செறிவில் அளப்பது என்றே முடிவு செய்ய முடியாது. கரைதிறன் லிட்டருக்கு 0.4 கிராம் என்றால் நீங்கள் செய்ய வேண்டிய கரைசல் 0.36 கிராம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு என்றால் பொதுவாக இந்தச் சோதனையே தேவையில்லை. அதை முதலிலேயே சொல்லி வேலையை முடித்துவிடலாம்.
- நீரில் சிதையுமா என்ற விவரம். சிதைகிற பொருளென்றால் காலையில் கரைத்து மாலையில் அளப்பது வேறு பொருளை அளப்பதற்குச் சமம்.

தராசின் அளவுத்திருத்தச் சான்றும் வெப்பமானியின் சான்றும் உங்களிடமே இருக்கும். தேதி தாண்டியிருக்கிறதா என்று மட்டும் இப்போதே பாருங்கள். எனக்கு வெப்பமானிச் சான்று ஒரு மாதம் முன்பே முடிந்துபோயிருந்தது. எல்லாம் அளந்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

3. முறை, கருவி, செலவு

பிளாட்டினம் வளையம், பிளாட்டினம் தகடு, தொங்கும் சொட்டு (சொட்டின் வடிவத்தைப் பார்ப்பது), சொட்டு எடை (விழும் சொட்டை எடை போடுவது), நுண்புழை ஏற்றம் (மெல்லிய குழாயில் நீர் ஏறும் உயரத்தைப் பார்ப்பது) என ஐந்து முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஆய்வகத்தில் டென்சியோமீட்டர் (பரப்பு இழுவிசை அளக்கும் கருவி) இருந்தால் அதில் வளையமோ தகடோ மாட்டியிருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் தகட்டை எடுங்கள். தகட்டுக்குத் திருத்தக் காரணி (வந்த எண்ணைச் சரிசெய்யப் பெருக்கும் எண்) தேவையில்லை, பரப்பைக் கிழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நேரம் போகப் போக என்ன ஆகிறது என்றும் பார்க்கலாம். ஒரே ஒரு விதிவிலக்கு: நேர்மின் தலை கொண்ட சோப்பு வகைப் பொருள்கள் தகட்டின்மேலேயே ஒட்டிக்கொள்ளும். தகடு சரியாக நனையாது, எண் பொய்யாகக் குறையும். அவற்றுக்குத் தொங்கும் சொட்டு நல்லது.

கருவியே இல்லையா? 0.1 மில்லிகிராம் காட்டும் தராசின் அடிக்கொக்கியில் தகட்டைத் தொங்கவிட்டு, பாத்திரத்தை ஏற்றி இறக்கும் மேடைமேல் வைத்தால் அதுவே டென்சியோமீட்டர். 19.9 மில்லிமீட்டர் அகலமும் 0.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள தகட்டின் சுற்றளவு 40.2 மில்லிமீட்டர். 20 டிகிரியில் தண்ணீர் அதைச் சுமார் 0.298 கிராம் அளவுக்கு இழுக்கும். இந்த எண் வருகிறதா என்று பார்த்தாலே உங்கள் ஏற்பாடு சரியா என்று தெரிந்துவிடும்.

சொட்டு எடை முறை மிக மலிவு, ஆனால் சொட்டு முழுவதும் விழாது. 40 சதவீதம்வரை குழாய் நுனியிலேயே தங்கிவிடும், அதற்குத் திருத்தம் போட வேண்டும். நுண்புழை இன்னும் மலிவு. அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் தண்ணீர் சுமார் 29.7 மில்லிமீட்டர் ஏறும். ஒரு தோராயத்துக்கு நல்லது, அறிக்கையில் போட நான் துணிய மாட்டேன்.

செலவில் பெரிய அடி வளையமோ தகடோ வளைவதுதான். பிளாட்டினம் மென்மையானது. மெல்லிய தாளால் ஒருமுறை துடைத்தாலே வளையம் கோணிவிடும், பார்வைக்குத் தெரியாது. வளையம் 1 டிகிரி சாய்ந்திருந்தால் அரை சதவீதப் பிழை, 2.1 டிகிரி என்றால் 1.6 சதவீதம். எனவே துடைக்கவே வேண்டாம். வெளி ஆய்வகத்தில் கொடுத்து அளக்கிறீர்கள் என்றால், வெறும் தண்ணீரின் அளவும் அதே கட்டணத்தில் அடக்கமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் அதைத் தனி மாதிரியாகக் கணக்குப் போடுவார்கள்.

மாதிரி எவ்வளவு தேவை? லிட்டருக்கு 1 கிராம் செறிவில் 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு 0.1 கிராம் போதும். ஆனால் குறைந்தது ஐந்து முறைக்கான அளவைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு முறை உங்களுக்குப் பழகவே போகும்.

4. தண்ணீர்

இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

தூய நீரின் பரப்பு இழுவிசை 15 டிகிரியில் 73.5, 20 டிகிரியில் 72.8, 25-இல் 72.0, 30-இல் 71.2. ஒரு டிகிரிக்குச் சுமார் 0.15 குறையும். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கருவிக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

உங்கள் தண்ணீர் இதைக் காட்டவில்லை என்றால், கருவியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நான் செய்த தவறு நேர்மாறானது. இரண்டு நாள் கருவியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது. நீர் சுத்திகரிப்புக் கருவியின் திரை நீரின் மின்தடையை 18.2 மெகாஓம் என்று காட்டும், உடனே தண்ணீர் பரிசுத்தம் என்று நம்பிவிடுவோம். அந்த எண் அயனிகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எண்ணெய்ப் பசை, சோப்பு, பிசினிலிருந்து கசியும் கரிமப் பொருள் எதுவும் அதில் தெரியாது. பரப்பு இழுவிசையைக் கெடுப்பதோ இவைதான். அயனிமாற்றுப் பிசின் வழியே வந்த நீரைவிட, கண்ணாடியில் இருமுறை வடித்த நீர் பல நேரங்களில் நன்றாக இருக்கும்.

கருவி இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை: சுத்தமான கண்ணாடிக் குப்பியில் பாதி தண்ணீர் விட்டு மூடி, பத்து முறை வேகமாகக் குலுக்குங்கள். நிறுத்தியதும் குமிழிகளைப் பாருங்கள். நல்ல தண்ணீரில் அவை ஒன்றிரண்டு நொடிக்குள் காணாமல் போகும். குப்பியின் ஓரத்தில் சிறு குமிழிகள் மாலை கோத்ததுபோல் நின்றுகொண்டிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நான் அழுத்திப் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரையும் நீர் வடிக்கும் கலத்தின் குழாயிலிருந்து நேரே பிடித்த தண்ணீரையும் அடுத்தடுத்து வைத்துக் குலுக்கினேன். முதலாவதில் அரை நிமிடம் குமிழி நின்றது. இரண்டு வார மர்மம் அந்த அரை நிமிடத்தில் தீர்ந்தது.

அன்றன்று பிடியுங்கள். கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். ரப்பர் குழாய், சிலிகான் குழாய், பிளாஸ்டிக் பாட்டில் எதன் வழியாகவும் கொண்டுவர வேண்டாம்.

5. கண்ணாடியும் பிளாட்டினமும்

பாத்திரம் அகலமாக இருக்கட்டும். சாதாரண வளையத்துக்கு விட்டம் ஐந்தாறு சென்டிமீட்டர் இருந்தால் சுவர் தொந்தரவு செய்யாது. வெந்நீர், பிறகு எத்தனால், பிறகு வடித்த நீரில் பத்து முறையாவது அலசல். பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தினால் அலசல் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக வழியும். முத்து முத்தாக நின்றால் இன்னும் பசை இருக்கிறது என்று பொருள். பழைய நூல்கள் சொல்லும் குரோமிக் அமிலக் கழுவலை நான் விட்டுவிட்டேன். அது புற்றுநோய் தரக்கூடியது, கழிவை அகற்றுவதும் தலைவலி.

வளையத்தையோ தகட்டையோ அதன் தண்டில் மட்டும் பிடியுங்கள். வடித்த நீரில் அலசி, எத்தனாலில் அலசி, அது முழுவதும் காய்ந்த பிறகு பர்னரின் நீலச் சுவாலையில் சில நொடி காட்டுங்கள். இளஞ்சிவப்பாகக் கனன்றால் போதும். எத்தனால் குப்பி சுவாலைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மஞ்சள் சுவாலை கரி படிய வைக்கும், அதில் காட்டவே வேண்டாம். சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்காதீர்கள். ஆற ஒரு நிமிடம் கொடுங்கள்.

கையுறையிலும் கவனம் வேண்டும். தூள் பூசிய கையுறை வேண்டாம். கையுறை போட்ட கையால் முகத்தைத் தொட்டுவிட்டுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தால், பிடித்த விரலின் பசை தண்ணீரின் மேலே போய்ச் சேரும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

6. வெறும் தண்ணீரை அளங்கள்

20 டிகிரியில் நீர்க்குளியலில் பாத்திரத்தை வையுங்கள். வெப்பநிலை சமனாக அரை மணி நேரம். வெப்பமானியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டுப் பாருங்கள். குளியலின் திரை 20 என்று காட்டும்போது பாத்திரத்துக்குள் 21.5 இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று முறை அளங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர், புதிதாகச் சுட்ட பிளாட்டினம். மூன்றும் 72.8-க்குப் பக்கத்தில், தங்களுக்குள் 0.3-க்குள் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 71.5 வந்தால் போக வேண்டாம். "பரவாயில்லை, மாதிரியில் கழித்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் வரும். கழிக்க முடியாது. மாசு உங்கள் பொருளோடு சேர்ந்து எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

வளையத்தில் அளப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். தண்ணீர் 77, 78 என்று காட்டும். பயப்பட வேண்டாம். வளையம் தூக்கும் நீரின் எடையும் சேர்ந்து வரும் எண் அது. ஹார்கின்ஸ்-ஜோர்டன் அட்டவணையிலிருந்தோ சூய்டெமா-வாட்டர்ஸ் சமன்பாட்டிலிருந்தோ திருத்தக் காரணியை எடுத்துப் பெருக்க வேண்டும். கருவி அதைத் தானே செய்கிறதா, நீங்கள் செய்ய வேண்டுமா என்று கையேட்டில் பாருங்கள். இரண்டு முறை திருத்தம் போட்டவர்களும் உண்டு. தண்ணீருக்கு வந்த காரணியையே எல்லாக் கரைசலுக்கும் போடுவதும் தவறு. வழக்கமான வளையத்தில் தண்ணீருக்குக் காரணி 0.94 அளவில் இருக்கும். திரை 40 காட்டும் கரைசலுக்கு அது 0.90-க்கு இறங்கிவிடும்.

7. கரைசல்

சரி, இப்போது குப்பியைத் திறக்கலாம்.

எடை போட்டு, கண்ணாடிக் குடுவையில் கரையுங்கள். குலுக்காதீர்கள், மெதுவாகச் சுழற்றுங்கள். நுரை வந்தால் பொருள் நுரையோடு போய்விடும், மிச்சக் கரைசலின் செறிவு குறையும். மேலே குமிழி மிதந்தால் கண்ணாடிப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள்.

முழுவதும் கரைந்ததா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கலங்கல் இருந்தால் வடிகட்டத் தோன்றும். இங்கே இன்னொரு பொறி: பல சவ்வு வடிகட்டிகளில் நனைவதற்காகவே சோப்பு வகைப் பொருள் பூசியிருக்கும். முதலில் வெறும் தண்ணீரை அதே வடிகட்டியில் விட்டு அளந்து பாருங்கள். கெட்டுவந்தால், வடிகட்டுவதற்குப் பதில் மையவிலக்கியில் போடுங்கள்.

செறிவுத் தொடர் செய்பவர்கள் நீர்த்ததிலிருந்து அடர்ந்ததற்குப் போங்கள், மறுவழியில் வேண்டாம். பயிற்சிக்குச் சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற சோப்பு வகைப் பொருள் நல்லது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிமோல், அதாவது 2.36 கிராம் அளவில் மிசெல் உருவாகும். செறிவுக்கு எதிராகப் பரப்பு இழுவிசையைக் குறித்த வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் விழுந்தால் உங்கள் பொருளில் டோடெகனால் என்ற ஆல்கஹால் மாசு கலந்திருக்கிறது. அந்தச் சல்பேட் நீரில் மெல்லச் சிதைந்தும் அதைத் தரும். எனவே போன வாரக் கரைசலை எடுத்து அளக்க வேண்டாம்.

8. அளக்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள்

கரைசலைப் பாத்திரத்தில் ஊற்றிய நொடியிலிருந்து நேரத்தைக் குறியுங்கள். புதுப் பரப்புக்கு மூலக்கூறுகள் வந்து சேர நேரம் எடுக்கும். சிறிய மூலக்கூறுகளுக்கு நொடிகள் போதும். மிக நீர்த்த கரைசலிலும் புரதம், பாலிமர் போன்ற பெரியவற்றிலும் மணிக்கணக்கில் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். ஊற்றியதும் ஒருமுறை, பிறகு ஐந்து, பத்து, இருபது, நாற்பது நிமிடத்தில் அளங்கள். அடுத்தடுத்த அளவுகள் மாறாமல் நிற்கும்வரை தொடருங்கள். இடையில் தூசி விழாமலும் நீர் ஆவியாகாமலும் மூடி வையுங்கள்.

வளையத்தை மேலே இழுக்கும்போது பரப்பு அறுபடும் கணத்தின் விசையைக் குறிக்க வேண்டாம். அதற்குச் சற்று முன்பே விசை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த உச்சம்தான் தேவை. உச்சத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டால் பரப்பும் கலையாது.

நாள் கணக்கில் சொன்னால்: முதல் நாள் முழுக்கக் கழுவலும் தண்ணீரும். தண்ணீர் சரியானால் இரண்டாம் நாள் காலை மீண்டும் தண்ணீர், பிறகு கரைசல், இறுதியில் மறுபடியும் தண்ணீர். மூன்றாம் நாள் புதிதாகச் செய்த கரைசலில் அதே வேலை. ஒரே கரைசலை இரண்டு நாள் அளப்பது மறுசோதனை ஆகாது.

9. வந்த எண்ணை நம்பலாமா?

72-க்குப் பக்கத்தில் நின்றால் பொருள் பரப்பில் எதுவும் செய்யவில்லை. 40-க்குக் கீழே போனால் சந்தேகமே இல்லை. தொல்லை தருவது 58 முதல் 62 வரை. அங்கே வந்தால் புதுக் கரைசலில் இன்னும் இரண்டு முறை அளந்து, அந்தந்த நாளின் தண்ணீர் எண்ணைப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சாதாரண உப்புகள் பரப்பு இழுவிசையைக் குறைக்காது, மிகச் சிறிதளவு கூட்டவே செய்யும். சோடியம் குளோரைடு லிட்டருக்கு 1 மோல் இருந்தாலே ஒன்றரை அளவுதான் ஏறும். எனவே லிட்டருக்கு 1 கிராம் கரைத்த ஒரு கனிம உப்பு 65 காட்டினால் அது உப்பின் குணம் அல்ல. உங்கள் பாத்திரத்தையோ உப்பின் தூய்மையையோ பாருங்கள்.

10. அறிக்கை

என் முதல் அறிக்கை திரும்பி வந்தது. எண் சரி, முறை சரி. கரைசல் செய்து எவ்வளவு நேரம் கழித்து அளந்தேன் என்று எழுதவில்லை. நோட்டிலும் அது இல்லை, எனவே மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று. எழுத வேண்டியவை: தேதி, நீரின் வகை, செறிவு, வெப்பநிலை, கரைசலின் வயது, முறை, ஊற்றிய பின் நேரத்தோடு எண் மாறியதா என்பது, தண்ணீரின் அளவு, போட்ட திருத்தம், பொருளின் தொகுதி எண். தனித்தனி அளவுகள் எல்லாவற்றையும் கொடுங்கள், சராசரியை மட்டும் கொடுத்தால் திரும்பக் கேட்பார்கள்.

மீந்த கரைசலை அன்றே கொட்டாமல் மூடி வைத்து, மறுநாள் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். மாறியிருந்தால் பொருள் சிதைகிறது என்பதற்கு அது முதல் தடயம், கேள்வி வரும்போது கையில் பதிலிருக்கும். வளையத்தைச் சுட்டு, ஆறவிட்டு, பெட்டியில் தொங்கவிட்டு மூடுங்கள். மேசைமேல் படுக்க வைக்காதீர்கள்.